பாம்பன் தீவிலும் சேதுக்கரையிலும் நாயும் பூனையும் வளர்க்கும் குடும்பத்தாருக்கு

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களிலும் அவற்றை அடுத்த மீனவக் குடியிருப்புகளிலும் நாயோ பூனையோ வளர்க்கும் குடும்பத்தார் அனைவருக்காகவும் இம்மடல் எழுதப்படுகிறது.

இந்திய அரசு 2023 மார்ச் மாதத்தில் அறிவித்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வீட்டு விலங்குகளையும் தெரு விலங்குகளையும் வேறுபடுத்திப் பார்க்கின்றன. தெருவில் வாழ்வனவற்றுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி இடும் கடமையை உள்ளாட்சி அமைப்புகளிடமும், வீட்டில் வளர்வனவற்றுக்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகிய மூன்றையும் செய்விக்கும் பொறுப்பை வளர்ப்போரிடமும் அவை ஒப்படைத்துள்ளன. இவற்றுள் தெரு விலங்குகள் பற்றிய பகுதி நகராட்சிக் கூட்டங்களிலும் நாளிதழ்களிலும் ஓயாமல் பேசப்படுகிறது. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று, பிடிக்கப்படும் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டு, வெறிநோய் கண்டவையும் கடிக்கும் இயல்பு முற்றியவையும் நீங்கலாக மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று ஆணையிட்டது. வீட்டு விலங்குகள் பற்றிய பகுதியோ ஏறத்தாழப் பேசப்படாமலே கிடக்கிறது. இம்மடல் அதைப் பற்றியது. ஏனெனில் இக்கடலோரத்தின் தெருநாய்ச் சிக்கல் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குகிறது.

ஊரில் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் என்று வழங்கும் இச்சிகிச்சை, மனிதருக்குச் செய்யப்படுவதிலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபடுகிறது. பெண்களுக்குச் செய்யும் கருத்தடையில் கருக்குழாய்கள் மட்டுமே கட்டப்படுகின்றன. கருமுட்டைப்பைகள் அப்படியே இருப்பதால் இயக்குநீர்ச் சுரப்பும் மாதவிலக்கும் தொடர்கின்றன. பெட்டை நாய்க்கும் பெண் பூனைக்கும் செய்யும் அறுவையில் கருமுட்டைப்பைகளும் பெரும்பாலும் கருப்பையும் சேர்த்தே அகற்றப்படுவதால், கருத்தரிப்போடு பருவத்துக்கு வருவதும், அப்போது வாசலில் ஆண்நாய்கள் கூடுவதும், இரவெல்லாம் பூனை கத்துவதும் நின்றுவிடுகின்றன. ஆண் விலங்குக்கு விதைகள் இரண்டும் அகற்றப்படுகின்றன. முழு மயக்கத்தில் ஒரே முறை செய்யப்படும் இவ்வறுவைக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் கருத்தடைக்கென வேறு எதுவும் தேவைப்படுவதில்லை.

சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் உள்ள நகரத்து வீடுகளில் வீட்டு நாய் வேறு, தெருநாய் வேறு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இக்கரையின் குடியிருப்புகளில் அந்தக் கோடு இல்லை. காலையில் வீட்டில் கஞ்சி குடிக்கும் நாய், படகுகள் கரைசேரும் நேரத்தில் மீன் இறங்குதளத்தில் கழிவுமீன் தின்று, வெயில் ஏறியதும் வலை உலரும் மணலில் படுத்து, இரவில் மீண்டும் அதே வீட்டு வாசலைக் காவல் காக்கிறது. அதற்குப் பெயரும் உரிமையாளரும் உண்டு. பகலில் அது எந்த நாயோடு கூடுகிறது என்பதைக் கவனிக்க மட்டும் எவரும் இல்லை. அது ஈனும் குட்டிகளில் ஆண்குட்டிகளை உறவினரும் பக்கத்து வீட்டாரும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பெட்டைக்குட்டிகளைக் கேட்போர் அரிது. வளர்த்தால் அதுவும் குட்டி போடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். கண் திறந்து நடக்கத் தொடங்கிய நிலையில் அவை சாக்கில் கட்டப்பட்டு, ஊருக்கு வெளியே கருவேலங்காட்டிலோ, மீன் வாடியிலோ, தனுஷ்கோடிச் சாலையோரத்திலோ விடப்படுகின்றன. 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாகவே கருதுகிறது. ஆயினும் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரை மட்டுமே என்பதால், சட்டத்துக்கு அஞ்சி எவரும் இதை விடப்போவதில்லை. பெட்டைக்குட்டியை வெறுத்து ஒதுக்கும் இவ்வழக்கத்துக்கு மருத்துவத்திடம் தெளிவான தீர்வு இருக்கிறது. கருத்தடை செய்த பெட்டை, ஆண்நாயைப் போலவே காவல் காக்கும், குட்டியும் போடாது.

ஒரு பெட்டையின் வழித்தோன்றல்கள் சில ஆண்டுகளில் பல்லாயிரமாகப் பெருகும் என்று விழிப்புணர்வுத் தாள்களில் அச்சிடப்படும் பெருக்கற் கணக்கு உண்மை நிலையைக் காட்டுவதில்லை. பெட்டை நாய் ஏறத்தாழ ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து, 63 நாள் அளவில் சினை சுமந்து, ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகளோ அதற்கு மேலோ ஈனும் என்பது மெய்யே. ஆனால் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் மேற்கு வங்கத் தெருக்களில் பிறந்த குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 100 குட்டிகளில் ஏறத்தாழ 19 மட்டுமே இனப்பெருக்க வயதாகிய ஏழு மாதத்தை எட்டின. இறந்தவற்றில் பெரும்பகுதி, வண்டியில் அடிபட்டும் நஞ்சூட்டப்பட்டும் தூக்கிச் செல்லப்பட்டும், மனிதர் கையாலேயே முடிந்தது. எனவே கருத்தடைக்கான காரணத்தை எண்ணிக்கை அச்சத்தில் தேட வேண்டியதில்லை. ஐந்து குட்டிகளில் நான்கு ஏழு மாதம் காணாமல் சாகும் என்று அறிந்தபின்னும் அவற்றைப் பிறக்கவிடுவது தகுமா என்பதே வளர்ப்போர் முன்னுள்ள கேள்வி.

பாம்பன் தீவுக்கு இதில் தனியான ஒரு வாய்ப்பு உண்டு. பெருநிலத்திலிருந்து தீவுக்குள் நுழைய 1988 இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் ஒன்றும், 1914 இன் பழைய பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட தொடர்வண்டிப் பாலம் ஒன்றும் தவிர வேறு தரைவழி இல்லை. சமவெளி நகரம் ஒன்றில் நூறு நாய்களுக்குக் கருத்தடை செய்தால், அடுத்த ஊரிலிருந்து வரும் நாய்கள் அவ்விடத்தை நிரப்பிக்கொள்ளும். தீவிலோ நாய் ஒன்று புதிதாகச் சேர்வதற்கு, அங்கேயே பிறப்பது, மனிதர் கொண்டுவருவது என இரண்டே வழிகள்தாம் பெரிதும் உள்ளன. இரண்டும் குடும்பங்களின் கையில் இருக்கின்றன. ஆகவே பெருநிலத்தில் பத்தாண்டு முயன்றும் கண்ணுக்குத் தெரியாத பயன், இத்தீவில் அதனினும் விரைவாகத் தெரியக்கூடும். 2009 இல் தொடங்கிய திட்டத்தை 14 ஆண்டுகள் விடாமல் நடத்தி, 1,50,000-க்கும் மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்து, திரியும் நாய்கள் அனைத்துக்கும் அது நிறைவுற்றதாக 2023 அக்டோபரில் அறிவித்த பூட்டான், வீட்டு நாய்களையும் பதிவு செய்து இப்பணிக்குள் கொண்டுவந்தது என்பது இங்கு கருதத்தக்கது. தமிழகத்திலும் இம்முயற்சி புதிதன்று. கேப்டன் வி. சுந்தரம் 1959 இல் நிறுவிய புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொன்று எண்ணிக்கையைக் குறைக்க முடியாது, கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்று 1964 முதலே வாதிட்டது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றுச் செயல்பட 1990-களின் நடுப்பகுதி வரை ஆயிற்று.

இக்கரையில் நாய்களின் பெருக்கத்தால் முதலில் துன்புறுவது மனிதர் அல்லர். மீனவர் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமைகள், தை முதல் பங்குனி, சித்திரை வரையிலான இரவுகளில் தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பகுதி மணலில் ஏறி, குழி ஒன்றுக்கு நூறு முட்டை அளவில் இட்டுச் செல்கின்றன. வனத்துறையினர் விடியுமுன் அவற்றைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் புதைத்துக் காத்து, 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அவர்களுக்கு முன்பே மோப்பம் பிடித்துக் குழியைத் தோண்டிவிடுபவை பெரும்பாலும் நாய்கள். கார்த்திகை மாதத்தை நாய்கள் இணைசேரும் காலமாகத் தமிழர் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளனர். அக்கூடலில் பிறக்கும் குட்டிகள் தையிலும் மாசியிலும் கண் திறந்து, பங்குனியில் பால் மறக்கின்றன. சாலையோரத்தில் குட்டிகள் விடப்படுவதும், பாலூட்டி மெலிந்த தாய்நாய்கள் இரை தேடிக் கரையெங்கும் அலைவதும், ஆமைகள் முட்டையிடுவதும் இவ்வாறு ஒரே பருவத்தில் நேர்கின்றன. 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் மன்னார் வளைகுடாவின் விளிம்பில், 2025 இல் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட அதே தனுஷ்கோடிக் கழிமுகத்தில், வலசைப் பறவைகள் இரைகொள்ளும் சேற்றுத் திட்டுகளிலும் நாய்கள் துரத்தித் திரிகின்றன. வேலியும் காவலும் இதற்கு ஓரளவே உதவும். ஊருக்குள் குட்டிகள் குறைந்தாலன்றிக் கரையில் நாய்கள் குறையா.

வளர்க்கும் விலங்கின் உடல்நலத்தை மட்டுமே கருதினாலும் பெட்டைக்குக் கருத்தடை செய்விப்பதே மேல். கருத்தடை செய்யாத பெட்டை ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இரண்டு மாத அளவில் சினைகாக்கும் இயக்குநீரின் பிடியில் இருக்கிறது. அந்நிலையில் தடித்த கருப்பைச் சுவரில் நுண்ணுயிர் புகுந்து சீழ் கோத்துக்கொள்வது, நடுவயதுக்கு மேற்பட்ட பெட்டைகளின் உயிரைக் குடிக்கும் நோய்களில் முதன்மையானது. அதிகமாகத் தண்ணீர் குடித்தல், சோர்வு, வயிறு உப்புதல், பிறப்புறுப்பில் நாற்றமுள்ள கசிவு ஆகியவை அதன் அறிகுறிகள். கசிவே இல்லாமலும் அது வரும். நாய்களுக்குக் காப்பீடு செய்யும் வழக்கமுள்ள சுவீடனின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்நோய் வந்ததாகக் கண்டனர். இன்னொன்று, கூடும்போது உடலிலிருந்து உடலுக்கு உயிரணுக்களாகவே தாவி ஒட்டி வளரும் தொற்றுப் புற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் உடலில் தோன்றி இன்றுவரை உலகெங்கும் பரவிவரும் இப்புற்று, அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய்களிடையே தமிழகத்தில் பரவலாகக் காணப்படுகிறது. பிறப்புறுப்பில் காலிப்பூப் போன்ற தசையும் இரத்தச் சொட்டும் தெரிந்தால் வாரந்தோறும் மருந்தேற்றிப் பல வாரம் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும். முதற்பருவத்துக்கு முன் கருத்தடை செய்தால் மடிப்புற்று பெரிதும் தடுக்கப்படும் என்று 1969 இன் அமெரிக்க ஆய்வொன்று கூறியதும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது; பின்வந்த மதிப்பாய்வுகள் அச்சான்று அத்துணை வலுவானதன்று என்று சொல்லியிருப்பதால், அதையே முதற்காரணமாகக் காட்ட வேண்டியதில்லை.

அறுவைக்கு மாற்றாகச் சிலர் பருவம் தள்ளிப்போக ஊசி போடுவதும், மனிதருக்கான கருத்தடை மாத்திரையைப் பூனைக்குக் கொடுப்பதும் உண்டு. இம்மருந்துகளில் பெரும்பாலும் இருப்பவை மேற்சொன்ன சினைகாக்கும் இயக்குநீரின் செயற்கை வடிவங்களே. ஆகவே கருப்பைச் சீழையும், பூனைகளில் மடிக்கட்டிகளையும் அவையே வரவழைக்கக்கூடும் என்பதால் இவ்வழக்கத்தைக் கைவிடுவது நல்லது.

பூனையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பூனை பகலொளியின் நீளத்தைக் கொண்டு பருவத்துக்கு வரும் விலங்கு. பகல் குறுகும் குளிர்நாடுகளில் அதற்கு ஆண்டில் சில மாதம் ஓய்வு கிடைக்கிறது. இராமேசுவரம் நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கே மட்டும் இருப்பதால், இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தை ஒட்டியதே. ஆகவே இக்கரைப் பூனைக்கு அந்த ஓய்வும் இல்லை. நான்கைந்து மாத வயதிலேயே சினைப்படவும், குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினைப்படவும் அதனால் முடியும். மீன்வாடை வீசும் ஊரில் இரையும் குறைவதில்லை.

இனி, வளர்ப்போர் நெஞ்சில் உள்ள தயக்கங்கள். பைரவரின் ஊர்தியாகிய நாயின் இனவிருத்தியை அறுப்பது பாவம் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் இரக்கத்திலிருந்து பிறந்தது என்பதால் மதிக்கத்தக்கது. ஆனால் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சாலையில் விடும் பாவத்தை அது தடுக்கவில்லை. இம்மாவட்டத்தில் ஆட்டுக்கிடாக்களுக்கும் உழவு மாடுகளுக்கும் காயடிப்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. ஒரு காலத்தில் மயக்கமருந்தின்றி விதையை நசுக்கியே அது செய்யப்பட்டது. அந்த வலியை ஏற்றுக்கொண்ட ஊர்களில், மயக்கத்தில் வலியறியாமல் செய்யப்படும் அறுவை இரக்கமற்றதாகத் தோன்றுவதற்குப் பழக்கமின்மை தவிர வேறு காரணம் இல்லை. பூனையை மிக விரும்பி வளர்க்கும் இசுலாமியக் குடும்பங்களில் எழும் கேள்வி வேறு வகையானது. விலங்குகளைக் காயடிப்பது குறித்து இசுலாமியச் சட்ட அறிஞரிடையே பழங்காலம் முதலே கருத்து வேறுபாடு உண்டு. பயன் கருதிச் செய்வதை ஹனஃபி அறிஞர்கள் ஏற்க, ஷாஃபி மரபின் நூல்கள் கண்டிப்புக் காட்டுகின்றன. பெருகிய பூனைகள் பசியிலும் நோயிலும் சாகும் நிலை முன்னில்லாத காலத்தில் எழுந்த அக்கருத்துகளை இன்றைய நிலையோடு பொருத்திச் சொல்ல வல்லவர்கள் உள்ளூர் ஆலிம்களே. ஜமாஅத்துகள் அவர்களிடம் இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்ப வேண்டும்.

ஒருமுறையாவது குட்டி போட்டபின் செய்தால்தான் பெட்டைக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று இல்லை. காவல் குணம் போய்விடும் என்பதும் அவ்வாறே. தன் வீட்டைக் காக்கும் இயல்பு இனப்பெருக்க உறுப்பைச் சார்ந்ததன்று. இராமநாதபுரம் மண்டை நாய் போன்ற நாட்டினங்கள் அழிந்துவிடும் என்ற கவலை மட்டும் பொருட்படுத்தத்தக்கது. ஆனால் ஓரினம் காக்கப்படுவது தேர்ந்த தாய் தந்தையைத் திட்டமிட்டு இணைசேர்ப்பதால்தான். தெருவில் கண்டபடி கூடுவதால் அவ்வினம் கலந்து கரைகிறது. அப்பணியை மேற்கொள்வோர், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்து, 18 மாதம் நிறையாத பெட்டையை இணைசேர்க்காமல், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் விடாமல், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்காமல் நடக்க வேண்டும் என்று 2017 ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விற்பனை விதிகள் கூறுகின்றன. அவ்வாறு நடக்க இயலாத மற்ற அனைவரும் கருத்தடையை நாடலாம்.

அறுவையில் ஆபத்தே இல்லை என்று சொல்வது உண்மையாகாது. பிரிட்டனில் 2008 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நலமான நாய்களில் ஏறத்தாழ 2,000-க்கு ஒன்றும் பூனைகளில் 900-க்கு ஒன்றும் மயக்கத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தன. இவ்வெக்கைக் கரையில் இன்னுமோர் ஆபத்து உண்டு. உண்ணிகள் பரப்பும் காய்ச்சல் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். வெளியே நலமாகத் தெரியும் நாய்க்கும் அறுவையின்போது இரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். ஆகவே உண்ணி மிகுந்த நாய்க்கு முதலில் உண்ணி நீக்கி, இரத்தம் சோதித்து, பிறகே நாள் குறிக்க வேண்டும். சில பெட்டைகளுக்குப் பிற்காலத்தில் சிறுநீர் கசியலாம். பெரும்பாலானவை உடல் பருக்கும் என்பதால் சோற்றின் அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். பூனைக்கும் சிறிய நாட்டு நாய்க்கும் ஆறு மாத அளவில் செய்யலாம். இராசபாளையம் போன்ற பெரிய உடலமைப்புள்ளவற்றுக்கு மூட்டுகள் உறுதிப்பட ஓராண்டு அளவில் காத்திருப்பது நலம் என்பது அண்மைக்கால ஆய்வுகளின் போக்கு. கருத்தடை வெறிநோயைத் தடுக்காது என்பதால் ஆண்டுதோறும் தடுப்பூசி தனியே இட வேண்டும்.

தெருநாய்களுக்கான திட்டத்தை இந்திய விலங்கு நல வாரியத்தின் ஏற்பைப் பெற்றே உள்ளாட்சி நடத்த முடியும். அதற்குக் கூண்டும் கட்டடமும் நிதியும் வேண்டும் என்பதால் காலம் பிடிக்கிறது. வீட்டு விலங்குக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் எவரும் அறுவையைச் செய்யலாம். தனித்தனியே இராமநாதபுரத்துக்கு அலைவது தீவுக் குடும்பங்களுக்குச் சுமையாதலால், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் பங்குப் பேரவைகளும் ஜமாஅத்துகளும் ஊராட்சிகளும் தம் ஊரின் வளர்ப்பு விலங்குகளைக் கணக்கெடுத்து, மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு முகாம் கேட்டு எழுத வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள 61 நாட்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை. ஆண்கள் கரையில் இருப்பார்கள்; தையிலும் மாசியிலும் ஈன்ற பெட்டைகளுக்குக் குட்டிகள் பால் மறந்திருக்கும்; அடுத்த கார்த்திகைக்கு இன்னும் ஐந்தாறு மாதம் இருக்கும். அறுவைக்கு முந்திய இரவு உணவை நிறுத்துவதும், வெயில் ஏறுமுன் விலங்கைக் கொண்டுசேர்ப்பதும், பிறகு பத்து நாளுக்குத் தையலை நக்கவிடாமல், மணலிலும் கடல்நீரிலும் இறங்கவிடாமல் நிழலில் கட்டிவைப்பதும் குடும்பத்தாரின் வேலை. மருந்துக்கும் மருத்துவருக்கும் துறை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருப்பதால், விண்ணப்பம் மாசி மாதத்துக்குள் சென்றுசேர்வது நல்லது. இடம் குறைவாக இருந்தால் பட்டியலில் பெட்டை நாய்களும் பெண் பூனைகளுமே முதலில் இருக்க வேண்டும். பத்து ஆண்நாய்களில் ஒன்பதுக்குக் கருத்தடை செய்தாலும், எஞ்சிய ஒன்று அத்தெருவின் பெட்டைகள் அனைத்தையும் சினையாக்கிவிடும்.